நின்றால் பேசும் ரேடியோ

கடையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் மாட்டித் தந்துவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலன் சொன்னதுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுகளுக்கு நடுவில் குடியிருந்துகொண்டு கடையைப் பற்றிப் பேசுகிறார் மனிதர். அந்தக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும்.

"ஒரு ரேடியோ மாட்டத் தெரியாதா எனக்கு? இந்த வண்டிக்கு வாட்டர் பம்ப் மாத்தினது யாரு? நீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல, ஆர்லிஸ். தாராளமா மாட்டு. காலையில வண்டி கிளம்பணும், அவ்வளவுதான்."

"கிளம்பும். பாட்டும் பாடும். நீங்க பத்திரமாப் போய்ட்டு வாங்க."

அவர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே? மகளின் ஆட்டத்தை நேரில் பார்க்க. தபால்காரி வேலையை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் அவர் மேல் கொட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது, பாவம்.

எங்கள் மகள் பிரிட்டா பல்கலைக்கழக அணியில் வாலிபால் ஆடுகிறாள். ஆடுகிறாள் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். சேர்ந்த நாளிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். இது அவளுக்குக் கடைசி வருடம். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, வெள்ளிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு நீதான் என்று பிரிட்டாவிடம் சொல்லிவிட்டார்கள். அழுகையும் சிரிப்புமாகப் போன் பண்ணினாள்.

"அப்பா வராரும்மா. நீ?"

"எனக்குப் பதில் போற ட்வைலா வேற ரூட்டுக்குப் போறாடி. அங்க ஓட்டுறவரு ஏணியிலேர்ந்து விழுந்துட்டாராம். தபாலை யாரு போடறது?"

"ரேடியோலயாவது கேப்பியாம்மா?" என்றாள்.

கேட்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். ஆனால் எந்த ரேடியோவில்? சாதாரண ரேடியோ எங்கள் ஊர் எல்லையைத் தாண்டினதும் உஸ்ஸென்று இரையும். இரண்டு குன்று இறங்கினால் அந்த இரைச்சலும் அடங்கிவிடும். செல்போன் எங்கள் பக்கத்தில் மணி பார்க்க மட்டும்தான். வானத்திலிருந்து நேராக வரும் சாட்டிலைட் ரேடியோ ஒன்றுதான் வழி. அதில் கல்லூரி ஆட்டங்களுக்கென்றே தனி வரிசை உண்டு. உடனே வாங்க ஏற்பாடு செய்தேன். வியாழக்கிழமை பார்சல் வந்தது. என் வீட்டுப் பெட்டியில் நானே கொண்டுவந்து போட்டு, நானே எடுத்துக்கொண்டேன்.

நான் தபால் போடுவது என் சொந்தக் காரில். கிராமப்புறத்தில் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். தபால் பெட்டிகள் சாலைக்கு வலப்பக்கம், ஸ்டியரிங் காருக்கு இடப்பக்கம். அதனால் நாங்கள் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலைக் குறுக்கே நீட்டி ஓட்டுவோம். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் அந்த ஒரே கால்தான். எதிரே வருகிற புது ஆள் டிரைவரே இல்லாமல் கார் வருகிறது என்று அலறிப்போய் ஒதுங்குவான். வண்டி நின்றதென்றால் கால் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் அப்படி, ட்வைலாவுக்கும் அப்படி. சாப்பாட்டு மேஜையிலேயே நான் இடது காலை நீட்டி வைத்துக்கொள்கிறேன் என்று கேலன் கிண்டல் செய்வார்.

வியாழன் சாயங்காலம் ட்வைலாவை உதவிக்குக் கூப்பிட்டேன். உதவி என்றால் என்ன, என்னைக் கிண்டல் பண்ண ஓர் ஆள்.

பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ரேடியோ, தீப்பெட்டி அளவில் காந்தம் வைத்த ஆன்டெனா, கேசட் மாதிரி ஒன்று, கரண்டுக்கு ஒரு ஒயர். கேசட்டைக் காரின் பழைய டேப்பில் செருகினால் சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஆன்டெனாவைக் காரின் கூரையில் மஞ்சள் சுழல் விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தேன். அதன் ஒயரைக் கதவு ரப்பருக்கு அடியில் நகத்தால் அழுத்தி அழுத்தி உள்ளே கொண்டுவந்தேன். வெளியே ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கரண்டில்தான் சிக்கல். ரேடியோ ஒயரின் நுனியில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற பிளக் இருந்தது. அந்த ஓட்டையிலோ சுழல் விளக்கு குடியிருக்கிறது. அது சுழலாமல் நான் சாலையோரம் நிற்கக் கூடாது. பிளக்கை வெட்டிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் ஓடுகிற ஒயர் ஒன்றில் நேராக இணைத்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

"ஏய், வெட்டாதடி! அப்புறம் வேணும்னா என்ன பண்ணுவ?" என்றாள் ட்வைலா.

"வெட்டியாச்சு."

"உனக்குன்னு ஒரு புத்தி வச்சிருக்கானே கடவுள்!"

சாவி போட்டால் கரண்டு வர வேண்டும், சாவியை அணைத்தால் நிற்க வேண்டும். அப்படி ஒரு ஒயர் வேண்டும். ட்வைலா வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் கொடுத்து, கரண்டு பட்டால் எரிகிற டெஸ்ட் லாம்ப்பின் ஊசியை ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்தேன்.

"போடு!"

"போட்டேன்."

"அணை! ம்ஹூம், இது அணைச்சாலும் எரியுது. அடுத்தது. போடு! அடியே, உன் பூட்ஸ் என் காதுல உரசுதுடி!"

"நீ ஏன் உன் காதைக் கொண்டுவந்து அங்க வச்சிருக்க?"

"பேசாம சாவியைப் போடு!"

வெள்ளை ஒயரில் குத்தினேன். போடு என்றதும் விளக்கு எரிந்தது. அணை என்றதும் அணைந்தது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் அப்படியே. இதுதான், இதேதான் என்று கத்திக்கொண்டு எழுந்ததில் ஸ்டியரிங்கில் மண்டை இடித்தது. அந்த ஒயரிலேயே ரேடியோவை இணைத்து, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி முடித்தேன்.

காரை வெளியே வானம் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, வலப்பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்தேன். ட்வைலா வெளியே நின்று வீட்டுக் கார்ட்லெஸ் போனில், இணைப்பு வாங்க, கம்பெனிக்காரர்களிடம் ரேடியோவின் நம்பரைப் படித்துச் சொன்னாள். கொஞ்சம் காத்திருந்தோம். திடீரென்று வண்டி முழுக்க ஓர் ஆள் கிட்டாரோடு அழுதான். அப்படி ஒரு துல்லியம்! ட்வைலா முற்றத்தில் ஆடியே விட்டாள். இரண்டு முழுப் பாட்டு கேட்டோம். சாவியை அணைத்து, காலை எடுத்தேன். ரேடியோவும் சமத்தாக அணைந்தது.

மறுநாள் தபால்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு ஊருக்கு வெளியே முதல் பெட்டியில் நின்றேன். அறிவிப்பாளரின் குரல் கணீரென்று வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. தபாலைப் போட்டு, பெட்டியை மூடி, வண்டியை எடுத்தேன். குரல் நின்றுவிட்டது.

தட்டினேன். குலுக்கினேன். கேசட்டை எடுத்து ஊதிச் செருகினேன். திட்டினேன், அதுவும் கெட்ட வார்த்தையில். ஒன்றும் நடக்கவில்லை. குன்று மறைக்கிறது போல என்று நினைத்து மேட்டில் ஏறினேன். மேட்டில் முழு வானமும் கிடந்தது, ரேடியோ மட்டும் செத்துக் கிடந்தது. நெடுந்தூரம் தள்ளி இருந்த அடுத்த பெட்டியில் நின்று தபாலைத் துழாவும்போது திரும்பவும் உயிர் வந்தது. "எங்கள் பெண்கள் முதல் செட்டை..." என்றான் அறிவிப்பாளர். நான் வண்டியை எடுத்துவிட்டேன்! முதல் செட்டை என்ன? ஜெயித்தார்களா, தோற்றார்களா? அதைத் தெரிந்துகொள்ள ஏழு மைல் ஓட்டினேன். அங்கே போனால் இரண்டாவது செட் பாதியில் இருக்கிறது. முதல் செட்டைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

அதோடு ரேடியோ ஒவ்வொரு முறையும் உயிர்பெற்று வானத்தைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. என் கை பழகின கை. ஒரு பெட்டிக்கு இரண்டு மூச்சு நேரம் போதும். அவன் வாயைத் திறக்கும்போது நான் கிளம்பியிருப்பேன்.

நின்று கேட்டுவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தபால் வண்டி தபாலுக்காகத்தான் நிற்கும். என் சொந்த சந்தோஷத்துக்கு நடுச்சாலையில் நிறுத்தினேன் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. அந்த வீம்பு எனக்கு நிறைய உண்டு.

டெல்ஃபின் குசேலாவின் பெட்டியில் ஒரு பெரிய பார்சலைப் பின்சீட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். டெல்ஃபின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கசகசா வைத்த இனிப்பு ரொட்டியான கொலாச்சி இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"என்னடி ஆர்லிஸ், மூஞ்சி ஏன் இப்படி உர்ருன்னு இருக்கு?"

கொட்டித் தீர்த்துவிட்டேன். ரேடியோ, பிரிட்டா, சத்தியம், எல்லாவற்றையும். அவள் காருக்குப் பின்பக்கம் நின்று பார்சலை வாங்கிக்கொண்டே, "எங்க, கொஞ்சம் எடு வண்டியை. ஒரு அடி போதும். நிறுத்து. இன்னும் ஒரு அடி. நிறுத்து," என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி பைத்தியக்காரி! உன் பின்னால சிவப்பு லைட் எரிஞ்சா ரேடியோ பேசுது. லைட் அணைஞ்சா அதுவும் வாயை மூடிக்குது. பிரேக் லைட்டு ஒயர்லயா கோத்து வச்சிருக்க?"

என் கண்முன்னே ட்வைலாவின் பூட்ஸ் வந்து நின்றது. பாவி மகள், சாவியைப் போடும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் பிரேக்கையும் மிதித்திருக்கிறாள். அணைக்கும்போது காலையும் எடுத்திருக்கிறாள். அவளை மட்டும் சொல்லி என்ன? முற்றத்தில் இரண்டு பாட்டு கேட்டவள் என் கால் எங்கே இருந்தது? உலகத்தில் வேறு யார் மாட்டியிருந்தாலும் அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள். தபால்காரிகள் இரண்டு பேர் சேர்ந்து மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

மாற்றிக் கட்ட டெஸ்ட் லாம்ப் வேண்டும், அது வீட்டில். செருக பிளக் வேண்டும், அது குப்பையில். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொலாச்சியை வாயில் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். டெல்ஃபின் வீட்டுக்குள் ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது.

ஓடினவள் போனைக் கையில் எடுத்திருக்கிறாள். அது அடுத்த பெட்டியிலேயே தெரிந்துவிட்டது. வழக்கமாக அங்கே ஒரு நாய் மட்டும்தான் இருக்கும். இன்று வீட்டுக்காரர், வீட்டுக்காரி, நாய் மூவரும் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"தபால் தலை வேணும்மா. பூப் போட்டதா, கொடி போட்டதா, என்னென்ன இருக்கு? ஒண்ணொண்ணாக் காட்டு. அவசரமே இல்ல."

காட்டினேன். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டுதான் காட்டினேன். எங்கள் பெண்கள் முதல் செட்டை இழந்து இரண்டாவதை எடுத்திருந்தார்கள். அடுத்த பெட்டியில் ஒரு பார்சலை நிறுத்துப் பார்த்து எவ்வளவு ஆகும் என்று சொல்லச் சொன்னார்கள். வேண்டாம், அப்புறம் அனுப்பிக்கொள்கிறோம் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது செட் கைவிட்டுப் போனது.

அதற்கப்புறம் பெட்டியே இல்லாத நீண்ட சாலை. வெறும் புல்லும் வேலியும்தான். நாலாவது செட் முழுக்கப் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் வேலி ஓரம் எல்டன் நிற்கிறான். மாடு மேய்க்கிறவன், கையில் ஒரு கவர்.

நிறுத்தினேன். கையில் தபாலோடு ஒருவர் நின்றால் நிறுத்தத்தானே வேண்டும்!

"இங்க என்ன பண்ற எல்டன்?"

"கரண்டு பில் அனுப்பணும்."

"உன் வீடு குன்றுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஆமா. காத்தாட நடந்து வந்தேன்."

கவரை நீட்டினான். பிடித்து இழுத்தேன், விடவில்லை. நான் ஒரு முனை, அவன் ஒரு முனை. இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு ஆட்டத்தைக் கேட்டோம். எங்கள் பெண்கள் வரிசையாக நாலு புள்ளி எடுத்தார்கள். பந்தை ஓங்கி அடித்தவள் பெயரை அறிவிப்பாளர் ஒவ்வொரு தடவையும் வாய் நிறையச் சொன்னான். அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

"தூக்கிக் கொடுக்காம அவ எதை அடிப்பாளாம், தன் தலையையா?" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன்.

"நல்லாக் கேளு," என்றான் எல்டன். செட் முடிந்த பிறகுதான் கவரை விட்டான். இரண்டுக்கு இரண்டு.

கடைசிச் செட்டுக்கு என் பாதையில் மிச்சம் இருந்தது ஒரே பெட்டி. அது ஹால்வோர் ஓஸ்டர்கார்டின் பெட்டி. தபால் ஐந்து நிமிடம் தாமதமானால் போஸ்ட் மாஸ்டருக்குப் போன் போடுகிற மனிதர் அவர். ஒரு தடவை நான் பெட்டியின் கதவைச் சரியாக மூடவில்லை என்று என்னைப் பற்றி மேலிடம் வரைக்கும் பேசியவர். டெல்ஃபின் நிச்சயம் அவருக்குப் போன் செய்திருக்க மாட்டாள். அவர்கள் இருவருக்கும் ஒரு காளை மாட்டு விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"முக்கால் மணி நேரம் லேட்டு."

"தெரியும் பெரியவரே. மன்னிச்சுக்குங்க." தபாலை நீட்டினேன். அதற்குள் ரேடியோ உயிர்பெற்றது. கடைசிச் செட், பதினாலுக்குப் பதிமூணு. எங்கள் பெண்களுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டும்.

அவர் தபாலை வாங்கவில்லை. ரேடியோ விக்கியது. நின்றது. வந்தது. காலை முதல் குறுக்கே நீட்டி வைத்திருந்த என் கால் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினால் பேசும், நழுவினால் செத்துவிடும்.

ஹால்வோர் காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். வசவுக்குத் தயாரானேன். இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"காலை எடு."

"என்னது?"

"காலை எடுங்கறேன். எல்லாம் போன்ல சொன்னாங்க. கியரைப் பார்க்கிங்ல போடு. நீ மிதிக்கிற லட்சணத்துல பாதி ஆட்டம் போயிடும்."

காலை எடுத்தேன். அவர் கைத்தடியின் நுனியைப் பிரேக்கின் மேல் வைத்து, இரண்டு கையாலும் முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினார். ரேடியோ நாலைந்து மூச்சு நேரம் வானத்தைத் தேடியது. அந்த நேரத்துக்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

சத்தம் வந்தது. அரங்கமே இரைந்துகொண்டிருந்தது. பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், யாரோ தரையில் விழுந்து எடுத்தார்கள், பந்து எங்கோ பறக்கிறது என்றான் அறிவிப்பாளர். பிறகு அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான் போல, ஒரு கணம் அவனிடமிருந்து பேச்சே இல்லை. அந்த ஒரு கணத்தில், அவ்வளவு இரைச்சலுக்கும் பின்னால், ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னுது! என்னுது!"

எங்கள் தொழுவத்தில் கன்றுகளை விரட்டிக்கொண்டு நின்று கத்துகிற அதே குரல். கொஞ்சம் கரகரவென்று, கடைசியில் உடைகிற குரல். எத்தனை ஆயிரம் பேர் கத்தினாலும் எனக்கு அது தெரியும்.

"யாரு அது கத்துறது?" என்றார் ஹால்வோர்.

"என் மக! பெரியவரே, அது என் மக!"

பந்தை ஓங்கி அடிக்கிற சத்தம். விசில். அறிவிப்பாளர் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலறினான். அடித்தவள் பெயரைத்தான் அலறினான். அலறட்டும், போகட்டும். நான் ஸ்டியரிங்கில் குத்தி, கூரையில் குத்தி, கொலாச்சிக் காகிதத்தைக் கிழித்து, கடைசியில் ஹால்வோரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"போதும், போதும். தடி நழுவுது," என்றார் அவர். ஆனால் எடுக்கவில்லை. "இரு. முடிஞ்ச உடனே ஓடிடாத. பேட்டி எடுப்பானுங்க."

பேட்டி எடுத்தார்கள், அடித்தவளை. அதையும் முழுசாகக் கேட்டோம். அவருடைய தபால் என் மடியிலேயே கிடந்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன் மணி அடித்தது. பின்னால் கேலனின் சிரிப்பும், ஒரு கூட்டத்தின் சத்தமும்.

"அம்மா, கேட்டியா?"

"கேட்டேன்டி."

"சும்மா சொல்லாத. என் பேரையே அவங்க சொல்லலியாமே, அப்பா இயர்போன்ல ரேடியோவும் கேட்டாராம். அப்புறம் நான் ஆடினேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைசிப் பந்து எங்கேயோ போச்சே, அதுக்கு ரெண்டு தடவை 'என்னுது'ன்னு கத்தினியே. ரெண்டாவது தடவை தொண்டை கட்டிப்போச்சு. வெந்நீர் குடி."

அந்தப் பக்கத்தில் சிரிப்பும் கூட்டமும் கேட்டுக்கொண்டே இருந்தன. நடுவில் பிரிட்டா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"குடிக்கிறேம்மா," என்றாள்.